தலைக்கட்டும் பதிவேடும்: தமிழக மஹல்லா பள்ளிவாசலும் உறுப்புரிமையின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் ஒரு தெருவை அல்லது சிற்றூரை எல்லையாகக் கொண்ட பள்ளிவாசல் தொழுமிடமாக மட்டும் அமைவதில்லை. அது திருமணத்தைப் பதிவு செய்கிறது, இறந்தோரை அடக்குகிறது, சிறாருக்கு வேதம் ஓதக் கற்பிக்கிறது, பிணக்குகளைத் தீர்க்கிறது. இப்பணிகள் அனைத்தும் 'மஹல்லா ஜமாஅத்' என்னும் அமைப்பின் வழியாக நடைபெறுகின்றன. பள்ளிவாசலின் சொத்தைக் குறித்து 1817 முதல் அரசு தொடர்ந்து சட்டம் இயற்றி வந்துள்ளது. அப்பள்ளிவாசலுக்கு உரியவர் யார் என்னும் வினாவோ பெரும்பாலும் ஊர் வழக்கத்திற்கே விடப்பட்டது. சொத்தின் வரலாறும் உறுப்புரிமையின் வரலாறும் இவ்வாறு பிரிந்து சென்றமையே இன்றைய ஜமாஅத்தின் வலிமைக்கும் அதன் மீதான குறைகளுக்கும் அடிப்படை என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பள்ளிவாசல், மஹல்லா, ஜமாஅத், வக்ஃபு, தலைக்கட்டு, நிக்காஹ் பதிவேடு, மையவாடி.

1. முன்னுரை

தமிழக இசுலாமியர் வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று திசைகளில் சென்றுள்ளன. கடல் வணிகமும் துறைமுகப் பட்டினங்களும் ஒன்று. சூஃபி ஞானியரும் தர்காக்களும் மற்றொன்று. இருபதாம் நூற்றாண்டு அரசியல் இயக்கங்கள் மூன்றாவது. சூசன் பெய்லி, ஜே.பி.பி. மோர் முதலியோரின் நூல்கள் இவ்வகையில் முதன்மையானவை. பல்லாவரத்து முஸ்லிம் வணிகரை ஆராய்ந்து மாட்டிசன் மைன்ஸ் 1972-இல் வெளியிட்ட நூல் அன்றாடச் சமூக வாழ்வின் பக்கம் கவனத்தைத் திருப்பியது. பள்ளிவாசற் கட்டடக் கலையைப் பற்றியும் தரமான ஆய்வுகள் உள்ளன. எனினும், கட்டடத்திற்குள் இயங்கும் நிறுவனமாகிய ஜமாஅத்தின் வரலாறு போதிய அளவு எழுதப்படவில்லை.

தர்கா பல ஊராரையும் பல சமயத்தாரையும் தன்பால் ஈர்க்கும் தலம். மஹல்லா பள்ளிவாசலோ ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வாழ்வோருக்குரியது. தர்காவுக்குச் செல்பவர் அடியவர். மஹல்லாவில் இருப்பவர் உறுப்பினர். இவ்வேறுபாடு கருதத்தக்கது. 'உறுப்பினர்' என்னும் நிலை எவ்வாறு உருவாகிறது, எதனால் இழக்கப்படுகிறது, யாருக்கு அது கிடைப்பதில்லை என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

2. பள்ளி, மஹல்லா, ஜமாஅத்: சொல்லும் பொருளும்

'பள்ளி' என்னும் சொல் தமிழில் இசுலாத்தின் வருகைக்கு முற்பட்டது. உறங்குமிடம், துறவியர் உறைவிடம், சமண பௌத்தத் தலம் எனப் பொருள் விரிந்து, கல்வி கற்குமிடத்தையும் அது குறித்தது. தமிழ் முஸ்லிம்கள் தம் தொழுமிடத்துக்கு 'மஸ்ஜித்' என்னும் அரபுச் சொல்லைவிட 'பள்ளி', 'பள்ளிவாசல்' என்பவற்றையே பெருவழக்காகக் கொண்டனர். தொழுகை, நோன்பு, பெருநாள் முதலிய சொற்களும் இத்தகையனவே.

கல்வெட்டிலும் இச்சொல்லாட்சி காணப்படுகிறது. திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் உள்ள பிற்காலப் பாண்டியர் கல்வெட்டொன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகர் பள்ளி ஒன்றுக்கு வழங்கப்பட்ட நிலக்கொடையைப் பதிவு செய்கிறது. அப்பட்டினத்தை இராமநாதபுரம் மாவட்டப் பெரியபட்டினத்தோடு ஆய்வாளர்கள் இணைத்துக் காண்பர். வைணவக் கோயிலின் சுவரில் பள்ளிக்குரிய கொடை பொறிக்கப்பட்டமை சமய நல்லிணக்கத்திற்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அதனினும் நம் பொருளுக்கு நெருங்கிய செய்தி ஒன்று இதில் உண்டு. பள்ளி அரசனின் ஆணையில் இடம்பெறுவது சொத்தின் வழியாகத்தான். நிலம் எது, அதன் வருவாய் எதற்குரியது என்பதே அரசு அறிய விரும்பியது. பிற்காலத்தில் சேதுபதி மன்னர்கள் அளித்த நிலக்கொடைகளும் இவ்வகையினவே.

'மஹல்லா' என்னும் அரபுச் சொல் தங்குதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்தும், 'ஜமாஅத்' ஒன்றுகூடுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்தும் பிறந்தவை. முன்னது இடத்தையும் பின்னது மக்களையும் குறிக்கும். இவ்விரண்டையும் இணைப்பது தமிழகத்திற்கேயுரிய மூன்றாவது சொல்லாகிய 'தலைக்கட்டு'. திருமணமாகித் தனிக் குடும்பமாகக் கணக்கிடப்படும் ஆண் ஒரு தலைக்கட்டு. தமிழகச் சிற்றூர்களில் கோயில் திருவிழாவுக்கும் ஊர்ப் பொதுச்செலவுக்கும் வரி பிரிக்கும் முறையும் தலைக்கட்டுக் கணக்கே. பல ஊர்களில் பள்ளிவாசல் வரியும் இக்கணக்கின்படியே பிரிக்கப்படுகிறது. எனவே, ஜமாஅத்தை அரபு நாட்டிலிருந்து வந்த முழு வடிவமாகக் கொள்வது பொருந்தாது. இசுலாமியத் தொழுகைக் கூட்டமும் தமிழ் ஊர்க் கட்டமைப்பும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உருவான அமைப்பு அது. அதன் ஆற்றலும் குறையும் இப்பொருத்தத்திலேயே தொடங்குகின்றன.

3. சொத்தின் வரலாறு

கிழக்கிந்தியக் கம்பெனி 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதியால் சென்னை மாகாணத்துக் கோயில், பள்ளிவாசல் மானியங்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. சமய நிறுவனங்களை நிர்வகிக்கும் பொறுப்பிலிருந்து விலகும் நோக்குடன் 1863-இல் சமய அறக்கொடைச் சட்டம் இயற்றப்பட்டது. அரசின் பொறுப்பு உள்ளூர்க் குழுக்களிடமும் அறங்காவலரிடமும் ஒப்படைக்கப்பட்டது.

குடும்ப வக்ஃபுகள் செல்லுபடியாகா என 1894-இல் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பும், அதன் விளைவை மாற்றிய 1913-ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னர் வந்தன. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் முத்தவல்லிகள் சொத்து விவரத்தையும் கணக்கையும் மாவட்ட நீதிமன்றத்தில் அளிக்க வேண்டும் என விதித்தது. விடுதலைக்குப் பின் 1954-ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டம் நில அளவாய்வையும் மாநில வாரியங்களையும் ஏற்படுத்தியது. அதன்படி சென்னை மாநிலத்துக்கு 1958-இல் வக்ஃபு வாரியம் அமைந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை விரிவாக்கியது. 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் வாரிய உறுப்பினருள் குறைந்தது இருவர் பெண்களாக இருக்க வேண்டும் என வகுத்தது. 2025-ஆம் ஆண்டுத் திருத்தம், நெடுங்காலப் பயன்பாட்டினாலேயே ஓரிடம் வக்ஃபு ஆகும் என்னும் கொள்கையை இனிவரும் காலத்திற்கு நீக்கியது. எழுத்து ஆவணமின்றித் தலைமுறைகளாகத் தொழுகை நடைபெறும் சிறு பள்ளிகளுக்கு அதற்கு முன்னரே செய்யப்பட்ட பதிவு எத்துணை இன்றியமையாதது என்பதை இத்திருத்தம் உணர்த்திற்று.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான இச்சட்ட வரிசையில் ஒரு பொதுமை புலனாகிறது. நிலம், வருவாய், கணக்கு, முத்தவல்லி ஆகிய நான்கும் திரும்பத் திரும்ப வரையறுக்கப்படுகின்றன. பள்ளிவாசலைச் சுற்றி வாழும் மக்கள் கூட்டமாகிய ஜமாஅத் அவ்வளவு கவனம் பெறவில்லை.

விதிவிலக்காக ஓரிடத்தைச் சுட்டலாம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 'வக்ஃபில் அக்கறையுடையவர்' என்பதற்குத் தரும் வரையறையில், பள்ளிவாசலில் தொழுவதற்கு அல்லது சமயச் சடங்கு நிறைவேற்றுவதற்கு உரிமையுள்ள எவரும் அடங்குவர். இவ்வரையறையில் ஆண், பெண் வேறுபாடில்லை; வரி கட்டினாரா என்னும் நிபந்தனையில்லை; சொந்த வீடா, வாடகை வீடா என்னும் கேள்வியுமில்லை. தலைக்கட்டுப் பதிவேட்டின் உறுப்பினரும் சட்டத்தின் அக்கறையுடையவரும் ஒருவரல்லர். ஒரே பள்ளிவாசலுக்கு இருவேறு உறுப்புரிமைகள் உள்ளன எனலாம்.

4. மஹல்லாவின் அன்றாடம்

உறுப்புரிமையின் பயனை அறிய மஹல்லாவின் அன்றாடப் பணிகளை நோக்க வேண்டும். இமாம் ஐவேளைத் தொழுகையை நடத்துகிறார். மோதினார் பாங்கு சொல்வதோடு பள்ளியைத் தூய்மை செய்தல், ஹவுழில் நீர் நிரப்புதல், இறப்புச் செய்தியை வீடுதோறும் அறிவித்தல் முதலியவற்றையும் செய்கிறார். மாலையிலோ அதிகாலையிலோ மக்தபில் சிறார் குர்ஆன் ஓதக் கற்கின்றனர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் பல தலைமுறைகளாக இம்மக்தபுகளின் வழியாகவும் பயிலப்பட்டது. பொதுப் பள்ளிக்குச் செல்ல வாய்ப்பில்லாத பெண் மக்களுக்கு அதுவே எழுத்தறிவின் வாயிலாக அமைந்தது.

நோன்பு மாதத்தில் பள்ளிவாசலின் சமூகப் பயன் மிகத் தெளிவாகத் தெரியும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு சேர்த்துப் பெரிய தேக்சாவில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியின் ஒரு நாள் செலவை ஒரு குடும்பம் ஏற்கும். எந்நாள் எவருடையது என்பது முன்னரே எழுதப்பட்டிருக்கும். அஸர் தொழுகைக்குப் பின் தூக்குச் சட்டியுடன் சிறுவர் வரிசையில் நிற்பர். அவ்வரிசையில் அண்டை வீட்டு இந்து, கிறித்தவப் பிள்ளைகளும் நிற்பது பல ஊர்களில் வழக்கம். இக்கஞ்சிக்கெனத் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கி வருகிறது. கஞ்சி வாங்குவதற்கு உறுப்புரிமை தேவையில்லை என்பது இங்குக் குறிக்கத்தக்கது.

இடர்க்காலத்திலும் இவ்வாறே. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் அண்டைக் குப்பங்களின் மீனவ மக்களுக்கு உணவும் தங்குமிடமும் அளித்தனர். 2015-ஆம் ஆண்டுச் சென்னைப் பெருவெள்ளத்தில் பள்ளிவாசல்கள் அனைவருக்கும் புகலிடமாயின. வரிப்பட்டியலும் பொறுப்பாளரும் சமையற் கலங்களும் முன்னரே அமைந்திருந்தமையால் இத்தகைய உதவி சில மணி நேரத்தில் ஒருங்கிணைந்தது. நாள்தோறும் இயங்கும் நிறுவனமாக ஜமாஅத் இருப்பதன் பயன் இது.

இந்நிறுவனத்திற்குப் பொருள் வரும் வழிகளும் காலத்தோடு மாறின. வக்ஃபு நிலத்தின் விளைச்சல், கடை வாடகை, தலைக்கட்டு வரி, வெள்ளிக்கிழமை உண்டியல் ஆகியவை பழைய வழிகள். 1970-களுக்குப் பின் வளைகுடா நாடுகளில் பணியாற்றுவோர் அனுப்பிய பணம் இவற்றோடு சேர்ந்தது. கற்றூண்களும் தாழ்வாரமும் கொண்ட பழைய பள்ளிகள் பல இடிக்கப்பட்டு, உயர்ந்த மினாராக்களுடன் புதியவை எழுந்தன. கீழக்கரை ஜும்ஆப் பள்ளி போன்ற திராவிடக் கட்டட மரபைச் சேர்ந்த கற்பள்ளிகளின் அருமை இதனால் கூடியுள்ளது. ஊரில் இல்லாத உறுப்பினரின் சொல்லுக்கு நிர்வாகத்தில் எடை மிகுந்ததும் இம்மாற்றத்தின் மற்றொரு விளைவு.

5. இரு வாயில்கள்: நிக்காஹ் பதிவேடும் மையவாடியும்

கஞ்சிக்கு உறுப்புரிமை வேண்டாம். தொழுகைக்கும் கோட்பாட்டளவில் வேண்டாம். வழிப்போக்கரும் முதல் வரிசையில் நிற்கலாம். உறுப்புரிமை கேட்கப்படும் இடங்கள் இரண்டு: திருமணமும் அடக்கமும்.

மணமகனின் மஹல்லாவிலிருந்து மணமகளின் மஹல்லாவுக்கு ஒரு கடிதம் வர வேண்டும் என்பது தமிழகத்தில் பரவலான நடைமுறை. இன்னார் எம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர், இத்திருமணத்திற்குத் தடையில்லை என அக்கடிதம் சான்று கூறும். வரி நிலுவை இருப்பின் கடிதம் பெறுமுன் அதனைத் தீர்க்க வேண்டியிருக்கும். பின்னர், மணமக்கள், வலீ, இரு சாட்சிகள், மஹர் ஆகிய விவரங்கள் பள்ளிவாசலின் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. மார்க்கச் சட்டத்தின்படி நிக்காஹ் நிறைவேறுவதற்குக் கடிதமோ பதிவேடோ நிபந்தனையன்று. ஆயினும், சமூக ஏற்பு இவ்விரண்டின் வழியாகவே கிடைக்கிறது.

இவ்வதிகாரம் அரசு வழங்கியதன்று. ஆங்கிலேய அரசு 1864-இல் காஜி நியமனத்தைக் கைவிட்டது. அதனால் எழுந்த குறைகளை நீக்க 1880-இல் இயற்றப்பட்ட காஜிகள் சட்டம் முதற்கண் சென்னை மாகாணத்திற்கே உரியதாக இருந்தது. அச்சட்டம் காஜியை நியமிக்க வழி செய்தபோதே, அவருக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ இல்லை எனவும், திருமணத்திற்கு அவர் வருகை கட்டாயமில்லை எனவும் தெளிவுபடுத்தியது. அரசு இவ்வாறு ஒதுங்கிய வெளியில் மஹல்லா பதிவேடு வேரூன்றியது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இல் எல்லாச் சமயத்தாருக்கும் அரசுப் பதிவைக் கட்டாயமாக்கியபோது, ஜமாஅத் பதிவேட்டுக்கே ஏற்பளிக்க வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. பதிவேட்டைக் காப்பது அதிகாரத்தைக் காப்பதுமாகும் என்பதனை அக்கோரிக்கை காட்டுகிறது.

பதிவேடு நன்மைக்கும் பயன்பட்டது. முன்மணம் மறைத்து மறுமணம் செய்ய முற்படுவோரைத் தடுத்தது. மஹர் தொகைக்குச் சான்றாயிற்று. வரதட்சணை வாங்கும் திருமணத்தைப் பதிய மாட்டோம் எனச் சில ஜமாஅத்துகள் முடிவெடுக்க வழியானது. வேறு சில ஊர்களிலோ வரதட்சணைத் தொகையில் ஒரு பங்கைப் பள்ளிவாசல் பெற்றுக்கொண்டது எனப் பெண்ணுரிமையாளர்கள் குற்றஞ்சாட்டினர். ஒரே கருவி இருவேறு வகையாகப் பயன்பட்டமையால், பதிவேட்டின் இயல்பைவிட அதனைக் கையாள்வோர் யாருக்குப் பொறுப்புடையர் என்பதே முதன்மை வினாவாகிறது.

மையவாடி இரண்டாவது வாயில். இறந்தவரைக் குளிப்பாட்டிக் கபனிட்டு, சந்தூக்கில் வைத்துத் தோள் மாற்றிச் சுமந்து, ஜனாஸாத் தொழுகை நடத்தி அடக்குவது மஹல்லாவின் கூட்டுக் கடமை. சிலர் நிறைவேற்றினால் அனைவர் கடமையும் தீரும். எவரும் நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றவாளிகளாவர் என்பது மார்க்க நெறி. ஊர்நீக்கத்தின் கடுமை இங்கேதான் உணரப்படுகிறது. அடக்கத்திற்கு இடமில்லை என்னும் சொல் இறந்தவரைவிட உயிரோடிருப்போரை நோக்கியே சொல்லப்படுகிறது. திருமணத்தை வேறூரில் நடத்தலாம். மாற்று மையவாடியைத் தேடக் குடும்பத்திற்கு ஒரு நாளே உண்டு.

6. யார் உறுப்பினர்?

தலைக்கட்டு முறையால் வெளியே நிற்க நேர்வோர் மூவகையினர்.

முதலாமவர் பெண்கள். தலைக்கட்டு ஆணைக் குறிப்பதால், கணவனை இழந்தவரும் மணவிலக்குப் பெற்றவரும் குடும்பத்தைத் தாமே நடத்தினும் பொதுக்குழுவில் இடம் பெறுவதில்லை. தம் மணவாழ்வு பற்றிய பஞ்சாயத்திலும் தந்தையோ உடன்பிறந்தவரோ அவர்களுக்காகப் பேசுவது வழக்கம். காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் பெண்களுக்கெனத் தனித் தைக்காக்கள் இருந்து வருகின்றன. அவை தொழவும் ஓதவும் இடமளித்தன. ஊர் நிர்வாகத்தில் பங்களிக்கவில்லை. இப்பின்னணியில்தான் தாவூத் ஷரீஃபா கானம் புதுக்கோட்டையை மையமாகக் கொண்டு 2000-களின் முற்பகுதியில் முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார். பெண்களுக்கெனத் தனிப் பள்ளிவாசல் கட்டும் திட்டத்தையும் அவர் முன்வைத்தார். தீபா தன்ராஜ் 2011-இல் இவ்வமைப்பைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். மார்க்கத்தை மறுப்பது இவர்கள் நோக்கமன்று. ஜமாஅத் என்னும் வடிவத்தையே தாமும் கையிலெடுத்தமை கருதத்தக்கது.

சொத்துச் சட்டம் பெண்ணை அடைந்த வழி இதற்கு நேர்மாறானது. 1986-ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம், மணவிலக்குப் பெற்ற பெண்ணைப் பேண உறவினருக்கு இயலாதபோது மாநில வக்ஃபு வாரியமே பொருளுதவி அளிக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு வக்ஃபு வாரியம் தரப்பினராயிருந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல், உறவினரையும் வாரியத்தையும் ஒரே நடவடிக்கையில் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம் எனத் தீர்ப்பளித்தது. வக்ஃபின் வருவாயில் அப்பெண்ணுக்கு உரிமை உண்டு. வாரியத்திலும் பெண்ணுக்கு இடம் உண்டு. தன் தெருப் பள்ளிவாசலின் பொதுக்குழுவில் மட்டும் அவர் பெயர் இல்லை.

இரண்டாமவர் கருத்து வேறுபட்டோர். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டில் ஹனஃபி மத்ஹபும் ஓங்கியிருந்தமை பழைய வேறுபாடு. அது பெரும்பாலும் அமைதியாகவே நிலவியது. 1980-களிலிருந்து வளர்ந்த தவ்ஹீத் இயக்கம் தர்கா வழிபாட்டையும் மவ்லூது ஓதுவதையும் வெளிப்படையாக எதிர்த்தது. இதனால் எழுந்த பிணக்குகள் கொள்கை மேடையைவிடப் பதிவேட்டிலும் மையவாடியிலுமே கூர்மையடைந்தன. கடிதம் மறுக்கப்பட்டோர் தமக்கெனத் தொழுமிடங்களையும் பதிவேடுகளையும் ஏற்படுத்திக்கொண்டனர். ஒரு தெருவுக்கு ஒரு ஜமாஅத் என்னும் நிலை மாறி, ஒரு தெருவில் இரு ஜமாஅத்துகள் உருவாயின. இடத்தால் அமைந்த உறுப்புரிமை கருத்தால் அமையும் உறுப்புரிமையாகத் திரிந்தமை தமிழக முஸ்லிம் சமூக வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

மூன்றாமவர் குடிபெயர்ந்தோர். நகரங்களில் வாடகை வீட்டில் வாழும் குடும்பம் தன் வரியைச் சொந்த ஊரில் கட்டுகிறது; தொழுவதும் பிள்ளைகளை ஓத அனுப்புவதும் வாழும் தெருவில். திருமணமோ இறப்போ நேரும்போது எந்த மஹல்லாவைச் சேர்ந்தவர் என்னும் கேள்வி எழுகிறது.

நீதிமன்றங்கள் ஜமாஅத்தின் தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை வரையறுத்துள்ளன. ஃபத்வாவுக்குச் சட்ட வலிமை இல்லை என உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியது. பள்ளிவாசல் வளாகங்கள் நீதிமன்றங்களாக இயங்கலாகாது என 2016 டிசம்பரிலும், காஜி அளிக்கும் தலாக் சான்றிதழ் கருத்துரை மட்டுமே என 2017 ஜனவரியிலும் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் உறுப்புரிமையை நீக்கும் அதிகாரம் பற்றிய சட்டநிலை தெளிவாக இல்லை. பம்பாய் மாநிலத்தின் சமூகநீக்கத் தடைச் சட்டத்தை 1962-இல் தாவூதி போரா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. சமய அடிப்படையிலான நீக்கம் சமயப் பிரிவின் நிர்வாக உரிமையில் அடங்கும் என்பது அதன் காரணம். அத்தீர்ப்பை மறு ஆய்வுக்காக 2023-இல் பெரிய அமர்வுக்கு அனுப்பியுள்ளனர். போராக்களின் சமயத் தலைமைக்கு நிகரான தலைமை மஹல்லா ஜமாஅத்தில் இல்லை. அங்கு ஊர்நீக்கம் நிகழ்வதும் பெரும்பாலும் வரி நிலுவைக்காகவோ நிர்வாகத்தோடு முரண்பட்டமைக்காகவோ ஆகும். எனவே, அதனைச் சமய ஒழுங்கு எனக் கொள்வதைவிட ஊர்க் கட்டுப்பாடு எனக் கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும். தலைக்கட்டு என்னும் சொல்லின் பிறப்பிடமும் அதையே உணர்த்துகிறது.

7. முடிவுரை

மஹல்லா பள்ளிவாசலை அன்பின் நிலையமாக மட்டும் காண்பதும், அடக்குமுறை நிலையமாக மட்டும் காண்பதும் முழுமையாகா. கஞ்சி வரிசையில் எவரையும் பெயர் கேளாமல் ஏற்கும் அதே நிறுவனம், பதிவேட்டைத் திறக்கும்போது பெயரைத் தேடுகிறது. இவ்விரண்டும் தலைக்கட்டு என்னும் ஒரே அமைப்பால் இயலுகின்றன. வரிப்பட்டியல் இல்லையேல் வெள்ளத்தில் உதவ ஆளில்லை. வரிப்பட்டியல் இருப்பதால் அதில் இடம்பெறாதோரும் உளர்.

அரசு இரு நூற்றாண்டுகளாகச் சொத்தைப் பேசியது; ஜமாஅத் உறுப்பினரைப் பேசியது. இவ்விரு பேச்சுகளும் சந்திக்கும் இடம் சட்டத்திலேயே உள்ளது. தொழும் உரிமையுள்ள எவரும் வக்ஃபில் அக்கறையுடையவர் என்னும் வரையறையே அது. அவ்வரையறையை ஜமாஅத்துகள் தம் பொதுக்குழு விதிகளில் தாமே ஏற்றுக்கொண்டால், வெளியார் தலையீடின்றியே கைம்பெண்ணும் வாடகைக் குடியிருப்பாளரும் மாற்றுக் கருத்துடையவரும் பதிவேட்டில் இடம்பெறுவர்.

இனிவரும் ஆய்வுகளுக்குப் பள்ளிவாசல்களின் நிக்காஹ் பதிவேடுகளும் வரிக் குறிப்பேடுகளும் முதன்மைச் சான்றுகளாகும். பழைய கட்டடங்கள் இடிக்கப்படும்போது இவ்வேடுகளும் பழந்தாளாகக் கழிக்கப்படும் அபாயம் உண்டு. மஹர் தொகை, மணவயது, குடிப்பெயர்ச்சி, தொழில் ஆகியவற்றைத் தலைமுறை வாரியாகக் காட்டவல்ல இவ்வேடுகளைப் படியெடுத்துக் காப்பது பல்கலைக்கழகங்களும் ஜமாஅத்துகளும் இணைந்து உடனடியாக மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.